கடல் பாடத்துக்கு வந்த விரால்

"கடலே இல்லாத ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது, மேடம்?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஹைதராபாத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் செயலாளர். நேர்முகத் தேர்வில் கேட்டார். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொன்னது பதில் இல்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அதே கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராகச் சேர்ந்து, வருடா வருடம் கடல் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். நன்றாக நடத்துகிறேன் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். அவருடைய கேள்விக்குப் பதில்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

என் ஊர் தூத்துக்குடி. கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்தேன். அந்த இரண்டு வருடமும் படகிலும் சேற்றிலும் நுண்ணோக்கியின் முன்னாலும் கழிந்தன. கல்யாணம் முடிந்து ஹைதராபாத் வந்தேன். என் கணவர் காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறார். என்ன வேலை என்று எனக்கே தெரியாது. கேட்டால், "குழாய்க்கு மேல குழாய வச்சு ஒட்டுதோம், போதுமா?" என்பார். வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வரும்வரை அவரைப் பிடிக்க முடியாது.

அப்போது நகரத்தின் மேற்குப் பக்கம் கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களாக எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் அதற்கு நேர் எதிர்க் கோடியில் இருந்தாலும் பேச்சு முழுக்க அதுதான். பூங்காவில் குழந்தைகளை ஊஞ்சல் ஆட்டிக்கொண்டே பெண்கள் ஜாவா, டெஸ்டிங் என்று பேசுவார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாயே என்று என்னிடம் ஒருவர் பாக்கி இல்லாமல் கேட்டார்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறவள் நான். ஒரு நாள் கணினிப் பயிற்சிக்குப் பேர்போன அமீர்பேட்டைக்குப் போய் டெஸ்டிங் வகுப்பின் இலவச அறிமுகப் பாடத்தில் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்த பையன் என் படிப்பைக் கேட்டான். சொன்னேன். "நோ பிராப்ளம் மேடம், போன பேட்ச்ல ஒரு பல் டாக்டர் இருந்தார்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் புரிஞ்சுது."

"புரிஞ்சுதுன்னா பிடிக்கலன்னு அர்த்தம். பிடிக்கலன்னா எதுக்குச் சேரணும்?"

"எல்லாரும் சொல்லுதாவளே."

"எல்லாருமா ஒனக்குப் பதிலா அங்க போயி உக்காரப் போறாவ?"

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. வீட்டுக்கு வருமானம் வரும் வழியை வேண்டாம் என்கிறேனோ, என் விருப்பம்தான் பெரிது என்று நினைக்கிறேனோ என்று மாற்றி மாற்றி யோசித்தேன். அந்த வாரம்தான் செய்தித்தாளில் அந்தக் கல்லூரியின் விளம்பரம் வந்தது. விலங்கியலுக்கு ஆள் வேண்டும், மீன்வளமோ கடல் உயிரியலோ படித்தவர்களுக்கு முன்னுரிமை. பட்டப்படிப்பில் புதிதாக மீன்வளத் தாள் சேர்த்திருந்தார்கள். ஹைதராபாத்தில் இப்படி ஓர் இடம் மறுபடி வராது என்று எனக்குத் தெரியும். இது கிடைத்தால் படித்த படிப்பில் இருப்பேன். இல்லையென்றால் அமீர்பேட்டை. வேறு வழி இல்லை.

கல்லூரியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். முதலில் சில கேள்விகள், பிறகு மாணவிகளுக்கு முன்னால் அரை மணி நேரம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு, 'கடல் மீன்கள்: உடலமைப்பும் வாழ்க்கை முறையும்'.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அடுத்த வீட்டு அக்காதான் அன்றைக்கு அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அக்காவும் தமிழ்தான். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். அக்காவின் தமிழுக்குள் தெலுங்கும் உருதுவும் உரிமையோடு புழங்கும்.

"டெமோ கிளாஸ்னா இங்க பிள்ளைங்கதான் மா ஜட்ஜு" என்றார். "கடைசில பிரின்ஸிபால் கேப்பாங்க, இந்த மேடம் ஹோனாவா நக்கோவா, வேணுமா வேணாமான்னு. கை தூக்குவாளுங்க. என் நாத்தனார் அப்படித்தான் ரெண்டு காலேஜ்ல ஃபெயில் ஆனா."

"ஏங்க்கா? நல்லா நடத்தலையா?"

"நல்லாத்தான் நடத்துனா. போர்டு பாத்தே நடத்துனா."

அதைக் கேட்டதும் நான் ஒன்று முடிவு செய்தேன். கரும்பலகையில் படம் போட மாட்டேன். மீனையே கொண்டுபோய் மேஜை மேல் வைப்பேன். எங்கள் ஊரில் மீன் பாடத்துக்கு மீன் வாங்குவது பென்சில் வாங்குவது மாதிரி. காலையில் கரைக்குப் போனால் வேண்டியது கிடைக்கும். ஒரு பாறை மீன், ஒரு விளைமீன், ஒரு கைப்பிடி சாளை. வேகமாக நீந்துவது, கல்லடியில் வாழ்வது, கூட்டமாகத் திரிவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாலையும் வாயையும் பார்த்தே பிள்ளைகள் மீதியைச் சொல்லிவிடுவார்கள். பாடத்தை மனத்துக்குள் நடத்திப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது.

அன்று காலை மகளை அக்காவிடம் விட்டபோது அக்கா வாசலில் இல்லை, குளித்துக்கொண்டிருந்தார். அவர் மகள்தான் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அக்கா இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். நான் நேராக ஆட்டோ பிடித்து மீன் சந்தைக்குப் போய்விட்டேன்.

சந்தைக்கு இரண்டு தெரு முன்னாலேயே ஆட்டோ நின்றுவிட்டது. சாலை முழுக்க ஜனம். வேட்டி, புர்க்கா, அலுவலகச் சட்டை, எல்லார் கையிலும் பை. கலவரமோ என்று பயந்தேன். திரும்பிப் போகலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு, சொட்டச் சொட்டப் பையோடு வந்தார்கள். நெருக்கியடித்து உள்ளே போனேன்.

ஒரு கடைக்காரரிடம் எனக்குத் தெரிந்த உருதுவில் கேட்டேன். "சமுந்தர் கா மச்லி ஹோனா. பூரா. காட்னா நக்கோ." கடல் மீன் வேண்டும், முழுசாக, வெட்டக் கூடாது.

அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னார். "சுனா ரே? ஆஜ் கே தின், காட்னா நக்கோ கத்தே!" இன்றைக்குப் போய் வெட்ட வேண்டாமாம். இரண்டு கடையும் சிரித்தது.

பின்னால் நின்ற ஒரு தெலுங்கு அம்மாள்தான் விளக்கினார். அன்றைக்கு மிருகசிர கார்த்தியாம். மழைக்காலம் தொடங்கும் நாள். அன்று மீன் சாப்பிட்டால் சளி, இருமல் அண்டாது என்று ஊரே மீன் வாங்கும். வாங்குவது ஏரி மீன், குள மீன். ஐஸ் பெட்டியில் கொஞ்சம் கடல் மீன் வந்திருந்தது. அதையும் விடிவதற்குள் துண்டு போட்டுவிட்டார்கள். துண்டில் வால் இல்லை, தலை இல்லை. அதை வைத்துக் குழம்பு வைக்கலாம், பாடம் நடத்த முடியாது.

மீன் பிடிக்கும் ஊரில் பிறந்தவள், மீன் வாங்கப் போய், ஊரே மீன் வாங்கும் நாளில் வெறுங்கையோடு நின்றேன். கணவரிடம் கேட்கலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். அவர் அதற்குள் உள்ளே போயிருப்பார். எடுத்ததை உள்ளே வைத்தேன். பேசாமல் படம் போட்டே நடத்திவிடலாமா? அதுதான் ஒழுங்கு, அதைத்தான் மற்ற இரண்டு பேரும் செய்வார்கள். அப்போது என் காலடியில் இருந்த அலுமினியத் தொட்டியிலிருந்து தண்ணீர் என் புடவையில் அடித்தது. குனிந்து பார்த்தேன். உயிரோடு விரால்கள். இங்கே கொரமீனு என்பார்கள். ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது.

அதைப் பார்த்த நொடியில் பாடம் முழுதும் என் தலைக்குள் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டது. எப்படி என்று விளக்கத் தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் வராத நேரங்கள் குறைவு, அது அவற்றில் ஒன்று. "ஓ ஏக் தேவ்" என்று ஒன்றைக் காட்டிக் கேட்டேன். அவர் கத்தியை எடுத்தார். "நக்கோ, நக்கோ! ஜிந்தா!" உயிரோடு வேண்டும் என்று கத்தினேன். மறுபடி இரண்டு கடையும் சிரித்தது. பெயின்ட் டப்பா ஒன்றில் தண்ணீரோடு போட்டு மூடிக் கொடுத்தார்.

நேர்முகத் தேர்வு அறையில் டப்பாவை என் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். முதல்வர் அம்மா, துறைத் தலைவர், செயலாளர், மூன்று பேர். அங்கேதான் செயலாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலையில் கேட்டார். நான் உளறியது அவர் முகத்திலேயே தெரிந்தது. துறைத் தலைவர், "முந்தின ஆள் டாக்டரேட்" என்று முதல்வரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்டது. என் நாற்காலிக்கு அடியில் டப்பா ஒருமுறை 'டம்' என்றது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பறையில் அறுபது பேர் இருக்கலாம். மூன்று பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் ஆங்கிலத்திலும் அரைகுறைத் தெலுங்கிலும் ஆரம்பித்தேன்.

"இன்றைக்கு யார் யார் வீட்டில் மீன்?"

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு வகுப்பே கையைத் தூக்கியது. சைவம் சாப்பிடும் நாலைந்து பேர் மட்டும் மற்றவர்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

"அது கடல் மீனா, குளத்து மீனா?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாருக்கும் தெரியவில்லை. துண்டாகத்தானே வீட்டுக்கு வருகிறது.

டப்பாவை மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தேன். திறந்ததுதான் தெரியும். விரால் துள்ளி மேஜையில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்து, முதல் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. முன்வரிசை முழுக்கப் பெஞ்சு மேல் ஏறி நின்றது. ஒருத்தி, "அம்மோ, பாமு!" என்று பாம்பைக் கண்டதுபோல் அலறினாள்.

துறைத் தலைவர் எழுந்துவிட்டார். "மேடம், அதைத் தண்ணீரில் போடுங்கள், செத்துப்போகும்!"

"சாகாது சார்" என்றேன். எனக்கே ஆச்சரியமான நிதானத்தோடு சொன்னேன். "கடல் மீனாக இருந்தால் இவ்வளவு தாங்காது. இது தாங்கும். எல்லாரும் உட்காருங்கள். ஏன் சாகவில்லை என்பதுதான் இன்றைய பாடம்."

குனிந்து, டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த ஈரச் செய்தித்தாளைப் போட்டுத் தலையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து எடுத்தேன். அதெல்லாம் கைக்குத் தெரிந்த வேலை. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதன் செவுளைத் தூக்கிக் காட்டினேன். செவுளுக்கு மேலே, தலைக்குள்ளே, காற்றை வைத்துக்கொள்ளத் தனி அறை உண்டு. குளம் வற்றினாலும் சேற்றுக்குள் கிடந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கடல் வற்றுவதில்லை, அதனால் பாறை மீனுக்கு அப்படி ஒரு அறை தேவைப்படவில்லை. இந்த வால் உருண்டையாக இருக்கிறது, சேற்றில் புரள அது போதும். கடலில் நாளெல்லாம் ஓடுகிற மீனுக்கு வால் எப்படி இருக்க வேண்டும்? ஒருத்தி எழுந்து வந்து பலகையில் பிறைபோல ஒரு வாலை வரைந்தாள். சரியாக வரைந்தாள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். "போன மாதம் வீட்டில் ஆவக்காய் ஊறுகாய் போட்டீர்களா? மாங்காய்த் துண்டில் உப்புப் பட்டதும் என்ன ஆச்சு?"

"தண்ணீர் விட்டது, மேடம்."

"கடல் மீனும் அப்படி உப்புக்குள் கிடக்கிற மாங்காய்தான். அதன் உடம்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே போகிறது. சுற்றிலும் தண்ணீர், ஆனால் அதற்கு எப்போதும் தாகம். அதனால் கடலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்த விராலுக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் தானாகவே உள்ளே வரும். இது தண்ணீர் குடிப்பதே இல்லை."

"குடிக்கறதே இல்லையா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் முதல்வர் அம்மா.

அரை மணி நேரம் முடிந்தது தெரியவில்லை. முதல்வர் முன்னால் வந்து, கையைத் தூக்கச் சொன்னார். நான் வெளியே நின்றேன், பார்க்கக் கூடாது என்பது வழக்கம். உள்ளே என்ன நடந்தது என்று பிறகு மாணவிகள்தான் சொன்னார்கள். துறைத் தலைவர், கடல் பாடத்துக்குக் குளத்து மீனைக் கொண்டுவந்தது சரியா என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஒருத்தி, "சார், இனிமேல் எங்களுக்கு ரெண்டும் தெரியும்" என்றாளாம்.

கிளம்பும்போது ஆய்வகத்து உதவியாளர் அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேடம், இதை என்ன பண்ணப் போறீங்க? இன்னைக்குக் கார்த்தி" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கைக்கு மா, ஏன் என்னைக் கேக்கல? காலண்டர்ல போட்டிருக்கானே! சரி வா, மீன் புலுசு வெச்சிருக்கேன், உக்காந்து தின்னு." மகள் அக்கா மடியில் உட்கார்ந்து, "நாக்கு சேப்ப ஒத்து" என்று தெலுங்கில் தலையாட்டினாள். தூத்துக்குடிக்காரி மகளுக்கு மீன் வேண்டாமாம். அடுத்த வாரம் வேலைக்கான உத்தரவு வந்தது.

இது நடந்து நான்கு வருடம் ஆகப்போகிறது. என் மாணவிகளில் இரண்டு பேர் இப்போது கடற்கரைப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு படிக்கிறார்கள். துறைத் தலைவரும் நானும் நல்ல நண்பர்களாகிவிட்டோம். வேலையைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் இல்லை, நான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறேன். சந்தேகம் எல்லாம் வீட்டைப் பொறுத்துத்தான்.

போன மாதம் முதல்வர் அம்மா கூப்பிட்டார். முனைவர் பட்டம் இல்லாதவர்களை இனி நிரந்தரமாக்க முடியாது, தற்காலிகமாக வைத்திருப்பதும் கடினம் என்றார். "உன்னை இழக்க எனக்கு மனசில்லம்மா. ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு தர்றேன். முனைவர் பட்டத்துக்குப் பதிவு பண்ணிட்டு வா."

கடற்கரை ஊர் ஒன்றில் எனக்கு வழிகாட்டியாக இருக்க ஒருவர் சம்மதித்துவிட்டார். மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் பற்றிய ஆராய்ச்சி. ஒரே இடத்தில் வருடம் முழுக்க, மாதம் தவறாமல் வலை போட்டு எடுக்க வேண்டும். ஒரு மாதம் விட்டாலும் அந்த வருடமே வீண். அந்த ஒரு வருடம் நான் அங்கேதான் இருந்தாக வேண்டும். பிறகு எடுத்ததையெல்லாம் புட்டிகளில் அடைத்துக்கொண்டு வந்து ஹைதராபாத்திலேயே உட்கார்ந்து ஆராயலாம்.

மகள் வரும் ஜூனில் முதல் வகுப்பு. கணவரிடம் சொன்னேன்.

"போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

"ஸ்கூல்ல இருந்து ஃபோன் வந்தா? நீங்கதான் உள்ள இருப்பீங்களே."

அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். "அக்கா நம்பரைக் குடுப்போம்" என்றார். அக்கா, "ஹவ் மா, தாராளமா குடு, நான் என்ன ஊருக்கா ஓடுறேன்?" என்கிறார். அவர் சொன்னால் செய்வார். ஆனால் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாரைத் தேடும் என்று நினைத்தால் எனக்குக் கை ஓடவில்லை.

சரி, கூடவே கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், அங்கே வாடகை வீடு, புதுப் பள்ளிக்கூடம், தெரியாத முகங்கள். வலை போடும் நாளில் விடியற்காலையில் நான் படகில் இருப்பேன். அவளை யார் எழுப்பி, பல் தேய்த்து, அனுப்புவது? ஒரு வருடம் கழித்து மறுபடி இங்கே வந்து பழைய வகுப்பில் புதுப் பிள்ளையாக உட்கார வேண்டும். அவளிடமே கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அக்கட டீவி உந்தா?" என்றாள். அங்கே டீவி இருக்கிறதா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

போவதா வேண்டாமா என்று நான் கேட்கப்போவதில்லை. அதை முடிவு செய்துவிட்டேன், விண்ணப்பமும் போட்டாயிற்று. உங்களில் வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஒரு வருடம் பிள்ளையை விட்டுப் போனவர்கள் இருப்பீர்கள். கூடவே கூட்டிக்கொண்டு போனவர்களும் இருப்பீர்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு எது குறைவாக வலித்தது? விட்டுப் போனவர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்த்தீர்கள், அது போதுமானதாக இருந்ததா? கூட்டிப் போனவர்கள், காலை நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? அப்படி வளர்ந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் எழுதுங்கள். அம்மாக்கள் சொல்வதைவிட அது எனக்கு உதவும். இங்கே அவள் பள்ளியில் இடத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று ஏப்ரல் முடிவுக்குள் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எழுதினால் நல்லது.